டெலீட் செய்தால் போய்விடுமா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறோம் என்று தெருவில் தெரிந்துவிட்டால் போதும். “தம்பி, சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா, ஒரு தடவை ஃபார்மட் அடிச்சுக் குடேன்” என்று ஆள் வந்துவிடும். படிக்கிறது என்னவோ கம்பைலர் டிசைன், செய்கிறது என்னவோ ஃபார்மட் :-) நம் வகுப்பில் பாதிப் பேருக்கு இதே கதைதான்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதற்குப் பிறகு எனக்கு இந்த வேலை இன்னும் கூடிவிட்டது. பல பழைய மெஷின்களில் விண்டோஸ் 11 ஏறாது. சிலர் லினக்ஸ் போடச் சொல்கிறார்கள். சிலர் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுகிறார்கள். சிலர் சொந்தக்காரப் பையனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “எல்லாத்தையும் அழிச்சாச்சு.”

நிஜமாகவே அழிந்ததா? அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபைலை டெலீட் செய்வது, வருகைப் பதிவேட்டில் ஒருவன் பெயரை அடிப்பது மாதிரி. பெயர்தான் போகும். ஆள் கடைசி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருப்பான். புதிதாக ஒருத்தன் சேர்ந்து அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால்தான் பழையவன் எழுந்து போவான். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும் இதே கதைதான். குவிக் ஃபார்மட் என்பது பதிவேட்டையே தூக்கிப் போட்டுவிட்டுப் புது நோட்டு வாங்குவது. வகுப்பில் அத்தனை பேரும் அப்படியே இருப்பார்கள்! லினக்ஸ் போடும்போது வரும் ‘டிஸ்க் முழுவதையும் அழி’ என்ற ஆப்ஷன்கூடப் பெரும்பாலும் புதுப் பதிவேடு போடுவதோடு சரி.

2003-ல் வெளியான ஒரு ஆய்வு இதில் பிரபலம். சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரண்டு எம்.ஐ.டி. மாணவர்கள் 158 பழைய ஹார்ட் டிஸ்குகளை விலைக்கு வாங்கிப் பார்த்தார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்களும், யார் யாருடையவோ மருத்துவ விவரங்களும் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏ.டி.எம். இயந்திரத்தில் இருந்தது போலிருந்ததாம்.

அமெரிக்காக் கதை நமக்கெதற்கு என்பவர்களுக்கு மாடி வீட்டு அக்கா கதை. பழைய டெஸ்க்டாப்பைக் கடையில் கொடுத்துவிட்டு லேப்டாப் வாங்கப் போவதாகச் சொன்னார். “நானே உக்காந்து எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேன் தம்பி, நீ ஒரு தடவை சும்மா பாத்துடு” என்றார். போட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பென் டிரைவில் வைத்து ஓட்டினேன். ஒரு மணி நேரத்தில் வந்து விழுந்தவை: பாஸ்புக் ஸ்கேன், பையனின் பிறப்புச் சான்றிதழ், இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோன அவர் கணவரின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகள்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இதெல்லாம் கடைக்காரன் கைக்குப் போயிருக்குமா?” என்று கேட்டார். “கண்டிப்பா போயிருக்கும்னு சொல்ல முடியாதுக்கா. ஆனா எடுக்கணும்னு நினைச்சா யாரும் எடுத்துடலாம்” என்றேன்.

அந்தக் குவியலில் ஒரு போட்டோ. பையன் பிறந்த அன்று அண்ணன் அவனைக் கையில் வாங்கியபோது எடுத்தது. பழைய போன் தொலைந்தபோதே அதுவும் போய்விட்டது என்று நினைத்திருந்தாராம். “இதை மட்டும் எடுத்துக் குடு. மத்ததெல்லாம் ஒண்ணும் மிஞ்சக் கூடாது” என்றார். எனக்குத் தெரிந்து ஒரு டிஸ்கைத் துடைப்பதற்கு இதைவிடச் சரியான முறை கிடையாது. எது வேண்டும் என்று முதலில் நாம் முடிவு செய்ய வேண்டும். எடுத்து வைத்ததைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, அப்புறம் அழிக்க வேண்டும்.

எப்படி அழிப்பது? எல்லா பெஞ்சிலும் புது ஆளை உட்கார வைக்க வேண்டும், அதாவது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுத வேண்டும். விண்டோஸில் டிஸ்க்பார்ட்டுக்குள் போய் ‘கிளீன் ஆல்’ கொடுத்தால் இது நடக்கும். வெறும் ‘கிளீன்’ போதாது. லினக்ஸில் ‘டிடி’ கட்டளை இருக்கிறது. விஸ்டாவிலிருந்து விண்டோஸின் முழு ஃபார்மட்டும் பூஜ்யம் எழுதுகிறது. எக்ஸ்பி காலத்தில் அது கெட்டுப்போன இடங்களைத் தேடியதோடு சரி.

சில மேதாவிகள் 35 தடவை எழுத வேண்டும் என்பார்கள். இது 1996-ல் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் காலத்துப் பல வகை டிஸ்குகளுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. எல்லா டிஸ்குக்கும் 35 என்று மந்திரம் போல ஓதுவதை அவரே பின்னால் கிண்டல் செய்தார். இக்கால டிஸ்குகளுக்கு ஒரு தடவை மேலெழுதினாலே போதும் என்று அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2006-லேயே சொல்லிவிட்டது. 500 ஜி.பி. பழைய டிஸ்குக்கு ஒரு தடவைக்கே எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 35 தடவை என்றால் மூன்று நாள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எஸ்.எஸ்.டி. என்றால் கதை வேறு. நாம் எழுதச் சொன்ன இடத்திலேயே அது எழுதாது. தேய்மானம் சமமாக இருக்க இடத்தை மாற்றி மாற்றி எழுதும். நம் கண்ணுக்குக் காட்டாத உபரி இடமும் வைத்திருக்கும். அதனால் பூஜ்யம் எழுதுவதை நம்ப முடியாது. தயாரிப்பாளரே தரும் ‘செக்யூர் எரேஸ்’ வசதியைப் பயன்படுத்துங்கள்.

மெஷின் உங்களிடமே இருக்கப் போகிறது, ஸ்லோவாக இருக்கிறது என்பதற்காகத்தான் மறுபடி ஓ.எஸ். போடுகிறீர்கள் என்றால் இத்தனையும் வேண்டாம். குவிக் ஃபார்மட்டே போதும். வேறு கைக்குப் போகிறது என்றால் மட்டும் முழுத் துடைப்பு.

கடைசியாக ஒன்று. துடைக்கும் முன் பேக்கப் எடுத்த டிஸ்கைக் கழற்றித் தனியாக வையுங்கள். கட்டளையில் டிஸ்க் எண்ணை இரண்டு தடவை பாருங்கள். கடைக்குக் கிளம்புகிற காலையில் அவசரமாகச் செய்கிற வேலை இல்லை இது. முந்தின நாள் ராத்திரியே ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.