படம் முந்தியது, கதை பிந்தியது

பழைய அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ்களின் அட்டைப்படங்கள் இன்று சுவரொட்டிகளாகி வீட்டுச் சுவர்களை அலங்கரிக்கின்றன. மஞ்சள் வானம், செந்நிறக் கோள், விண்கலம், கீழே அண்ணாந்து நிற்கும் சிறு மனிதர்கள். அத்தகைய படமொன்றிலிருந்து கதையையும் மாந்தரையும் உருவாக்க வேண்டுமெனில் எங்கே தொடங்குவது? சில ஆண்டுகளாக முதுகலைத் தமிழ் வகுப்பில் இதை ஒரு பயிற்சியாகவே நாம் வைத்து வருகிறோம்.

பயிற்சி நம்முடையது, யோசனை ஹியூகோ கெர்ன்ஸ்பேக்குடையது. 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கியவர் அவர். அதன் ஓவியர் ஃபிராங்க் ஆர். பால் கட்டடக்கலை பயின்றவர். அவருடைய எந்திரங்களில் உயிர் இருக்கும். மனிதர்களோ விறைத்து நிற்பார்கள். கதைக்குப் படம் வரைவதே வழக்கமாயிருக்க, அவ்வாண்டு டிசம்பர் இதழில் கெர்ன்ஸ்பேக் அதைத் தலைகீழாக்கினார். ஒரு பெரிய பயணிக்கப்பலை உருண்டை வடிவக் கலமொன்று வானில் தூக்கிச் செல்கிறது. விந்தையான மாந்தர் சிலர் அதைப் பார்த்து நிற்கின்றனர். இப்படத்தை அட்டையில் வெளியிட்டு, இதற்குக் கதை எழுதுங்கள் என்று வாசகரை அழைத்தார். மொத்தப் பரிசு 500 டாலர்.

மூன்றாம் பரிசு பெற்றவர் கிளேர் விங்கர் ஹாரிஸ். பரிசாளர் ஒரு பெண் என்பது கெர்ன்ஸ்பேக்குக்கே வியப்பளித்தது. 1927 ஜூனில் வெளியான அவர் கதையின் பெயர் 'தி ஃபேட் ஆஃப் தி போசைடோனியா'. கப்பலை ஏன் தூக்க வேண்டும்? செவ்வாயில் நீர் வற்றுகிறது. பூமியின் கடல்நீரை அவர்கள் களவாடுகிறார்கள். இது கதைப்பின்னல் மட்டுமே. கதைக்கு உயிர் தருபவன், படத்தில் எங்குமே இல்லாத ஓர் இளைஞன். காதலியை வேறொருவன் கவர்ந்துகொள்வதைப் பொறாமையோடு பார்த்திருப்பவன். அவள் அக்கப்பலோடு போய்விட, அவன் பூமியில் எஞ்சுகிறான்.

தொல்காப்பியம் பயின்றோர்க்கு இது புதிதன்று. படம் தருபவை முதலும் கருவும்: நிலம், பொழுது, அங்குள்ள உயிர்கள், பொருள்கள். உரிப்பொருளை எந்த ஓவியரும் தீட்டித் தந்துவிட முடியாது. எழுதுபவரே கண்டடைய வேண்டும். கடலும் கப்பலும் பிரிவும் கூடிய ஹாரிஸின் கதை நம் கணக்கில் நெய்தலே. அதன் உரிப்பொருள் இரங்கல். இங்கே இரங்குபவன் ஆண் என்பதுதான் வேறுபாடு.

வகுப்பில் இப்படத்தைக் காட்டியபோது பெரும்பாலோர் உருண்டைக் கலத்தின் ஆற்றலை எழுதினர், போர்களை எழுதினர். கடலோர ஊரிலிருந்து வரும் மாணவி ஒருவர் மட்டும், "ஐயா, கப்பலுக்குள்ள யாரு இருக்காங்க?" என்று கேட்டார். அவருடைய அண்ணன் சரக்குக்கப்பலில் வேலை பார்ப்பவர் என்பதைப் பிறகே அறிந்தோம். அவர் எழுதிய கதையில் வேற்றுக்கோளினர் ஒருவரும் இல்லை. கப்பல் காணாமற்போய் இரண்டாண்டுகள் கழிந்தும், அண்ணனின் கைப்பேசி எண் செயலிழந்துவிடக் கூடாதென்று மாதந்தோறும் பணம் கட்டிவரும் தங்கை ஒருத்தி இருந்தாள். கடையில் அவ்வெண்ணைச் சொல்லும்போது அவள் ஒரு நொடியும் தயங்குவதில்லை.

அதனை வாசித்து முடித்தபோது வகுப்பில் யாரும் பேசவில்லை. பிறகு நாம் இரண்டாம் முறை எழுதச் சொன்னோம். இம்முறை எல்லோரும் படத்தில் இல்லாத ஒருவரைத் தேடத் தொடங்கினர்.