சூளகிரியிலிருந்து அருஷாவுக்கு

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் ஏறக்குறைய 25 கி.மீ. வந்தால், சூலத்தின் முனைகள் போல் எழுந்து நிற்கும் பாறைக் குன்றொன்று கண்ணிற் படும். சூளகிரிக்குப் பெயர் தந்தது அதுவே என்பர். ஒருபுறம் தொழிற்சாலைகளின் ஆரவாரம். மறுபுறம் கொத்தமல்லிக் கட்டுகள் குவியும் சந்தை. இங்கே தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் விடை வரும். பேரம் கன்னடத்தில் முடிந்தாலும் வியப்பில்லை.

நாம் அங்குச் சென்றது ஓர் ஆசிரியையின் அழைப்பின் பேரில். அப்பகுதிப் பள்ளியொன்றில் வேதியியல் கற்பிப்பவர். வரும் ஜனவரியில் தான்சானியா நாட்டின் அருஷா நகருக்கு அருகே, ஒரு பள்ளியில் ஊதியமின்றித் தொண்டாற்றச் செல்கிறார். நீரையும் நிலத்தையும் பேணும் முறைகளைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது அவர் பணி. "என்ன கொண்டு போகட்டும், சாமி? நுண்ணோக்கி ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டார். அவருடைய தாயாருக்கோ அங்கே சோறு கிடைக்குமா என்பதே கவலை. கிடைக்கும் என்று உறுதி கூறினோம்.

நுண்ணோக்கி பற்றிய கேள்விக்கு விடையாக ரிச்சர்ட் கிரெக் என்னும் அமெரிக்கரின் கதையைச் சொன்னோம். வழக்கறிஞரான அவர், காந்தியடிகளைப் பற்றிப் படித்து 1925இல் இந்தியா வந்தார். சிம்லா மலைப்பகுதியில், கோட்கர் என்னும் ஊரில், சாமுவேல் ஸ்டோக்ஸ் நடத்திய பள்ளியில் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்தார். விலையுயர்ந்த கருவிகளை அவர் நாடவில்லை. ஊரில் கிடைக்கும் எளிய பொருள்களே போதும் எனக் கண்டார். அந்த அனுபவத்தில் விளைந்த நூல் 1928இல் அகமதாபாத்தில் வெளியாயிற்று.

பேசிக்கொண்டே பள்ளி முற்றத்துக்கு வந்தோம். குழாயடியில் நின்ற சிறுவன் எம்மைப் பார்த்துச் சிரித்தான். அவன் பற்களில் பழுப்புக் கோடுகள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இது புதிதன்று. கருங்கற் பாறையில் உள்ள ஃபுளோரைடு ஆழ்கிணற்று நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைப் பல்லாண்டுகள் பருகினால் பற்கள் கறைபடும். அளவு மிகுந்தால் எலும்பும் கெடும். இதற்காகவே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பெற்றது.

"அருஷாவிலும் இதே கறைதான், அம்மா" என்றோம். ஆசிரியை நின்றுவிட்டார். அங்கே மேரு, கிளிமஞ்சாரோ என்னும் எரிமலைகளின் பாறைகள் அதே உப்பை நீரில் கலக்கின்றன. கடல் கடந்து போகிறவர், சூளகிரிப் பிள்ளையின் சிரிப்பையே அங்கும் காண்பார்.

நாக்பூர் ஆய்வு நிறுவனத்தார் 1970களில் வகுத்த நல்கொண்டா முறையில், படிகாரமும் சுண்ணாம்பும் நீரில் கலக்கப்பெறும். ஃபுளோரைடு வண்டலோடு அடியில் தங்கும். இரண்டும் சந்தைக் கடையிலேயே கிடைக்கும் பொருள்கள். இம்முறை தான்சானியாவிலும் ஆராயப்பட்டுள்ளது. ஆயினும் நீரைச் சோதித்து அளவு குறிக்காமல் படிகாரம் போடுவது ஆபத்து. மிஞ்சினால் அலுமினியம் நீரில் தங்கிவிடும். வேதியியல் கற்றவருக்கு அங்கேதான் வேலை. அந்நாட்டார் எலும்புக்கரியால் வடிகட்டும் முறையில் தேர்ந்தவர்கள். அதை நம்மவர் அவர்களிடம் கற்று வரலாம்.

நுண்ணோக்கிப் பேச்சு அத்தோடு நின்றது. நீர் சோதிக்கும் சிறு பெட்டி ஒன்றே போதும் என்றார் ஆசிரியை. பின்னர், ஃபுளோரைடு அற்ற நீர் மழைநீர்தானே, அங்கே மழை எப்போது என்று வினவினார். மார்ச் முதல் மே வரை பெருமழை, நவம்பர் டிசம்பரில் சிறுமழை என்றோம்.

விரல் விட்டு எண்ணினார். "ஜனவரியில் போய்ச் சேர்ந்தால், கூரையோரம் தகரக் குழாய் பொருத்த இரண்டு மாதம் இருக்கிறது, சாமி."