உள்ளமும் கருவியும்

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பொருட்பாலில் ஒன்று, இன்பத்துப்பாலில் மற்றொன்று. அரசவையாயினும் காதலாயினும், ஒருவர் வாய்விட்டுச் சொல்லாததை அவர்தம் முகத்தாலும் கண்ணாலும் உணர்ந்துகொள்வது உயர்ந்த ஆற்றல் என்பது வள்ளுவர் கருத்து. அது வெளியே தெரிவதைக் கொண்டு உள்ளே இருப்பதை உய்த்துணர்வது. உள்ளே புகுந்து எடுப்பதன்று. இன்றோ, உள்ளே புகுந்து எடுத்துவிடுவதாகக் கூறும் கருவிகள் வந்துவிட்டன.

ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். 1929இல் அதனை உலகுக்கு அறிவித்தார். வலிப்பு நோயின் தன்மையை அறிய அம்முறை இன்றும் துணைபுரிகிறது. எம்.ஆர்.ஐ. படக்கருவியோ மூளையில் வளரும் கட்டியைக் காட்டி உயிர் காக்கிறது. இவற்றைப் பழிப்பார் யாருமிலர். மருத்துவமனையின் வாயிலைக் கடந்து இக்கருவிகள் வெளியே வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அவை சென்று சேர்ந்த இடங்களுள் ஒன்று குற்றப் புலனாய்வுத் துறை. குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில் மின்வாய்களைப் பொருத்தி, குற்றம் பற்றிய சொற்றொடர்களைக் கேட்கச் செய்து, எழும் அலைகளைக் கொண்டு அவர் அதனை நேரில் அறிந்தவரா எனக் கணிக்கும் முறை இந்தியாவில் கையாளப்பட்டது. 2008 ஜூன் மாதத்தில் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் அத்தகைய சோதனை முடிவையும் சான்றாக ஏற்று ஆயுள் தண்டனை விதித்தது. அறிவியலார் பலர் அம்முறையின் நம்பகத்தன்மையை ஐயுற்றனர். 2010 மே 5ஆம் நாள், ‘செல்வி எதிர் கர்நாடக மாநிலம்’ என்னும் வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் தெளிவான தீர்ப்பை வழங்கியது. மயக்க மருந்துச் சோதனை, பொய் கண்டறியும் கருவி, மூளையலைச் சோதனை ஆகிய மூன்றையும் எவர்மீதும் அவர்தம் இசைவின்றி நடத்தலாகாது என்பதே அத்தீர்ப்பு. தனக்கெதிராகத் தானே சான்று பகருமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 20(3)ஆம் பிரிவு அதற்கு அடிப்படையாயிற்று. வாய்திறவாதிருக்கும் உரிமையைத் தந்துவிட்டு, மூளையைத் திறந்து பார்க்கலாம் என்றால் அவ்வுரிமை வெற்றுரையன்றோ?

குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கே இத்துணைப் பாதுகாப்பு உண்டெனில், வகுப்பறையில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு என்ன பாதுகாப்பு உண்டு?

இது கற்பனைக் கேள்வியன்று. சீனாவின் ஜெஜியாங் மாநிலத் தொடக்கப்பள்ளி ஒன்றில் மாணவர்களின் நெற்றியில் மூளையலைப் பட்டை பொருத்தப்பட்ட செய்தி 2019இல் வெளியாயிற்று. மாணவரின் கவனம் எவ்வளவு என்பதைப் பட்டையிலிருந்த விளக்கின் நிறம் ஆசிரியருக்குக் காட்டியது. மக்களின் எதிர்ப்புக்குப் பின்னரே அது நிறுத்தப்பட்டது.

அவ்விளக்கு எதனைக் கண்டிருக்கும்? சன்னலுக்கு வெளியே நோக்கும் சிறுவன் சோம்பேறியாக இருக்கலாம். இரவெல்லாம் தாயின் இருமலைக் கேட்டு உறங்காதவனாகவும் இருக்கலாம். கேட்ட பாடலுக்கு மறுவரி தேடுபவனாகவும் இருக்கலாம். கருவிக்கு மூவரும் ஒருவரே.

பாயா ரும்புட் போன்ற மலாக்கா வட்டாரங்களில், தோட்ட வாழ்க்கையை விட்டு வந்த குடும்பங்கள் பிள்ளைகளின் கல்விக்காக எதையும் ஈய முன்வரும். அவ்வாவலே வணிகரின் மூலதனம். கைரேகை கொண்டு மூளைத்திறனைக் கணிப்பதாகச் சொன்ன சோதனைகளுக்கும், ‘நடுமூளை’ப் பயிற்சிகளுக்கும் இந்நாட்டுப் பெற்றோர் பணம் கொடுத்தது அண்மைக்கால வரலாறு. நாளை நெற்றிப்பட்டை விற்பனைக்கு வருமாயின் வாங்குவோர் இல்லாமற் போகார்.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கு உரியது. கூட்டரசையும் மாநில அரசுகளையும் அது கட்டுப்படுத்தாது. சிலி நாடோ 2021இல் தன் அரசமைப்பிலேயே மூளைச் செயற்பாட்டுக்குப் பாதுகாப்பளித்தது. நரம்புத் தொழில்நுட்பத்துக்கான அறநெறிப் பரிந்துரையை யுனெஸ்கோ 2025 நவம்பரில் ஏற்றது.

இசைவு என்பது வேண்டாவென மறுக்க இயன்றவர் தருவது. ஆசிரியர் அணியச் சொன்னதை மறுக்கும் துணிவு எட்டு வயதுக் குழந்தைக்கு ஏது? ஆதலின், மருத்துவத் தேவையின்றி எந்த மூளைப்பதிவுக் கருவியும் பள்ளிக்குள் நுழையலாகாது என்னும் விதி, கருவி வருமுன்னரே எழுதப்பட வேண்டும். அவ்விதியை முதலில் கேட்க வேண்டியவர்கள் ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுமே.

வாடிய முகத்தைக் கண்டவுடன், “என்னப்பா, காலையில் பசியாறினாயா?” என்று அருகில் சென்று வினவும் ஆசிரியர் இன்றும் தமிழ்ப்பள்ளிகளில் உண்டு. சொல்வதும் சொல்லாமலிருப்பதும் அப்போது அக்குழந்தையின் விருப்பம். அந்த விருப்பத்துக்கு இடம்தரும் வகுப்பறையில்தான் பிள்ளைகள் அஞ்சாமல் சிந்திப்பர்.