பாண்ட் ஆவதற்கு அழகு மட்டும் போதுமா?

அடுத்த ஜேம்ஸ் பாண்ட் யார்? 2021-இல் ‘நோ டைம் டு டை’ படத்தோடு டேனியல் கிரேக் விடைபெற்றதிலிருந்து மாமாக் கடை மேசைகளிலும் இந்தக் கேள்வி அடிபடுகிறது. உயரம் வேண்டும், சூட் எடுப்பாக இருக்க வேண்டும், ஆங்கிலம் சீமான் வீட்டு உச்சரிப்பில் வர வேண்டும் என்று பட்டியல் நீளும். கடைசியில் ஒருவர், “அதெல்லாம் பிறவியிலேயே வரணும்” என்று முடித்து வைப்பார். பாண்ட் படங்களை ஒன்று விடாமல் பார்த்தவன் நான். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை.

திரையில் முதல் பாண்டாகப் புகழ்பெற்ற ஷான் கானரி, எடின்பரோவில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, பால் விநியோகம் செய்தவர். 1962-இல் வெளிவந்த ‘டாக்டர் நோ’ படத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தபோது, பாண்டை உருவாக்கிய எழுத்தாளர் இயான் ஃபிளெமிங்குக்கே திருப்தி இல்லை. இயக்குநர் டெரன்ஸ் யங் அவரைத் தம் தையல்காரரிடம் அழைத்துப் போனார். எப்படி நடப்பது, உணவு மேசையில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லிக் கொடுத்தார். சூட் உடம்போடு ஒட்டிப் பழகட்டும் என்று அதை அணிந்தபடியே தூங்கவும் சொன்னாராம். பிறகு ஃபிளெமிங்கின் மனம் மாறியது. அடுத்து எழுதிய நாவலொன்றில் பாண்டின் தந்தையை ஸ்காட்லாந்துக்காரராகவே ஆக்கிவிட்டார். பிறவியில் வந்ததாக உலகம் நினைத்த அந்த மிடுக்கு, பயிற்சியில் வந்தது.

அப்படியானால் தோற்றத்தைப் பழகிக்கொண்டால் போதுமா? ஜார்ஜ் லேசன்பியின் கதை அதற்குப் பதில் சொல்லும். ஆஸ்திரேலியாவில் பிறந்த விளம்பர மாடல் அவர். கானரியின் தையல்காரரையும் முடிதிருத்துநரையும் தேடிப் போய், அதே கோலத்தில் தயாரிப்பாளர் முன் நின்றார். வாய்ப்பும் கிடைத்தது. ஆனால் பாண்டின் காலம் முடிந்தது என்று நம்பி, 1969-இல் வந்த ஒரே படத்தோடு விலகிக்கொண்டார். தோற்றத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். ஒரு வேடத்தில் நிலைத்து நிற்கும் மனத்தை எந்தத் தையல்காரரும் தைத்துத் தர முடியாது.

ரோஜர் மூர் வேறு வழியில் போனார். அவர் கானரியைப் போல் நடிக்க முயலவே இல்லை. நிஜ வாழ்க்கையில் துப்பாக்கியை வெறுத்தவர், குறும்புச் சிரிப்பையும் உயர்த்திய புருவத்தையும் நம்பி 1973 முதல் 1985 வரை ஏழு படங்களில் நடித்தார். தன் பலம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பியர்ஸ் பிராஸ்னனுக்குத் தேவைப்பட்டது பொறுமை. 1986-இல் கைக்கு எட்டிய வேடம், தொலைக்காட்சித் தொடர் ஒப்பந்தத்தால் வாய்க்கு எட்டாமல் போய், டிமோத்தி டால்டனிடம் சென்றது. பிராஸ்னன் பாண்டாகத் திரையில் தோன்ற 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1997-இல் வந்த ‘டுமோரோ நெவர் டைஸ்’ படத்தில் நம் ஈப்போவின் மிஷெல் இயோ அவருக்கு இணையாக நடித்தார். ஒரே கைவிலங்கில் பிணைக்கப்பட்டு இருவரும் மோட்டார் சைக்கிளில் பறக்கும் காட்சி நினைவிருக்கிறதா? பக்கத்தில் இருப்பவர் தன்னைவிட நன்றாகச் சண்டை போடும்போது முகம் சுருங்காமல் இருப்பதும் ஒரு நாயகனின் தகுதிதான்.

கிரேக் கடந்து வந்தது ஏளனம். 2005-இல் அவர் பெயரை அறிவித்ததுமே, பொன்னிற முடிக்காரரெல்லாம் பாண்டா என்று படத்தைப் புறக்கணிக்கச் சொன்னவர்கள் உண்டு. தேம்ஸ் நதியில் படகில் வந்தபோது உயிர்காப்பு அங்கி அணிந்திருந்ததைக்கூடப் பத்திரிகைகள் கேலி செய்தன. அவருடைய பதில் 2006-இல் ‘கசினோ ராயல்’ படமாக வந்தது. அடிபட்டால் வலிக்கிற, காதலித்தால் உடைந்து போகிற ஒரு பாண்டை அதில் பார்த்தோம். அவரை வேண்டாம் என்றவர்கள் பலரும் பிறகு அவர் போவதற்கு வருந்தினார்கள்.

இதையெல்லாம் வெறும் சினிமாப் பேச்சாக என்னால் விட்டுவிட முடியவில்லை. நன்றாகப் படித்து, நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பும் நம் பிள்ளைகள் சிலரிடம் ஒரு தயக்கத்தைப் பார்க்கிறேன். “அந்த இடத்துக்கெல்லாம் நமக்கு எடுப்பு பத்தாது” என்கிறார்கள். அந்த எண்ணத்தைப் பல நேரம் வீட்டுப் பெரியவர்களே அறியாமல் விதைத்துவிடுகிறோம். பேச்சும் நடையும் உடையும் சிலருக்கு மட்டும் இரத்தத்தில் வருபவை என்று நம்பினால், பிள்ளை வாசற்படியிலேயே தோற்றுவிடுகிறது. அவையும் கற்றுக்கொள்ளக் கூடியவைதான் என்று தெரிந்தால், சொல்லிக் கொடுக்க ஒருவரைத் தேடும்.

அடுத்த பாண்டாக யார் வந்தாலும் முதல் நாளில் அவரைப் பிடிக்காதவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். நான் கவனிக்கப் போவது அவருடைய உயரத்தை அல்ல. அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு, மறுநாள் காலை படப்பிடிப்புக்கு எப்படி வருகிறார் என்பதைத்தான்.