அருந்ததி உதிக்காத ஊரில்

பெண் வீட்டார் சென்னையிலிருந்து அனுப்பிய முதல் வாட்ஸ்அப் செய்தி இது: "முகூர்த்தம் ஞாயிறு காலை 7.30 - 9. ஏரிக்கரையில் மணவறை. மற்றதெல்லாம் உங்க பொறுப்பும்மா." பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

நியூசிலாந்தின் தென்தீவில் குவீன்ஸ்டவுன் என்ற மலையூரில் இருந்துகொண்டு, நம்மவர் கல்யாணங்களை நடத்திக் கொடுப்பது என் தொழில். வக்காட்டிப்பு ஏரி, அதன் கரையிலேயே எழும் ரிமார்க்கபிள்ஸ் மலைத்தொடர், இவற்றைப் படத்தில் பார்த்து மயங்கித்தான் எல்லோரும் என்னைக் கூப்பிடுகிறார்கள். மயங்க வேண்டிய இடம்தான். ஆனால் படத்தில் இடத்தின் முகம் மட்டுமே தெரியும். அதன் குணத்தை நான்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த 7.30. பிப்ரவரிக் கடைசியில் சென்னையில் காலை 7.30 என்றால் இங்கே பிற்பகல் 3 மணி. அப்போது தாலி கட்டுவதா? இல்லை, இங்குள்ள கடிகாரப்படி 7.30க்கா? அன்று இங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு மேல்தான். இரண்டுமே பிழை. லக்னம் என்பது அந்தந்த ஊரின் கீழ்வானத்தில் எழும் ராசி. பூமத்திய ரேகைக்கு 45 டிகிரி தெற்கே இருக்கும் இந்த ஊரின் கீழ்வானத்துக்குத் தனியாகத்தான் கணக்குப் போட வேண்டும். குடும்பத்து ஜோசியரிடம் ஊரின் அட்ச ரேகை, தீர்க்க ரேகை, கோடைக்கால நேரம் எல்லாம் எழுதி அனுப்பினேன். பெரியவர் மறுநாளே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். "அம்மா, மீன லக்னம் நம்ம ஊர்ல ஒண்ணே முக்கால் மணி நேரம்கூட நிக்காது. அங்கே இரண்டரை மணிக்கு மேலே நிக்குதே!" வடக்கே விரைந்து எழும் மீனம் தெற்கே நிதானமாக எழுகிறது. காலை எட்டே முக்காலிலிருந்து பதினொன்று வரை தாராளமாகக் கிடைத்தது. இருபது வருஷமாகப் படபடப்போடு முகூர்த்தம் பார்த்த எனக்கு இந்த ஊர் கொடுத்த சீதனம் அது.

ராகுகாலமும் இப்படித்தான். பகல்பொழுதை எட்டாகப் பிரித்தால் ஞாயிறன்று கடைசிப் பங்கு ராகுகாலம். சென்னை நாட்காட்டியில் அது 4.30 முதல் 6 வரை. இங்கே அந்தி சாய்வது எட்டரைக்கு மேல், பகல் பதிமூன்று மணி நேரத்துக்கும் மேல். ஆக ராகுகாலம் ஏழு மணி வாக்கில் தொடங்கி நூறு நிமிடம் நீள்கிறது. மலை பொன்னாகும் நேரமும் அதுவேதான். புகைப்படக்காரர் ஆசைப்பட்ட அந்த ஒளியில் படம் எடுக்கலாம், மோதிரம் மாற்ற வேண்டாம் என்று தீர்மானித்தோம்.

சட்டப்படி செய்ய வேண்டியது அதிகமில்லை. திருமண உரிமம் விண்ணப்பித்தால் கைக்கு வர மூன்று வேலைநாள் ஆகும், மூன்று மாதம் செல்லும். அங்கீகாரம் பெற்ற நடத்துநர் ஒருவர், சாட்சிகள் இருவர் வேண்டும். எந்த இடத்தில் நடக்கிறது என்பதையும் எழுத வேண்டியிருப்பதால், மழை வந்தால் ஒதுங்கும் இடத்தையும் முதலிலேயே சேர்த்து எழுதிவிடுவேன். மலைமுகட்டில் ஹெலிகாப்டரில் இறங்கித் தாலி கட்ட விரும்புகிறவர்களுக்கு, அந்த இடம் காப்புநிலமாக இருந்தால் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும்.

அதிகம் பயப்படுவது அக்கினிக்குத்தான். 2020 அக்டோபரில் வடகிழக்கே ஓஹாவ் ஏரியோரம் பரவிய தீயில் ஏறக்குறைய ஐம்பது வீடுகள் போயின. கோடையில் இங்கே புல் பொறி பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். திறந்தவெளி ஓமம் கேட்டால் மறுத்துவிடுவேன். அப்போ மண்டபத்துக்குள்? தொழிலுக்கு வந்த முதல் வருஷம் அதையும் செய்தேன். நிர்வாகி தலையாட்டினார். எழுத்தில் வாங்கவில்லை. நெய் விழுந்த மூன்றாவது நிமிடம் புகையுணர்வி அலறியது, தீயணைப்பு வண்டி வந்தது, மணமக்கள் மாலையோடு வாகன நிறுத்துமிடத்தில் நின்றார்கள். அந்தப் பெண்ணின் அம்மா என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அன்றிலிருந்து அலாரத்தை எந்த மணிக்கு யார் அணைப்பது, யார் மீண்டும் போடுவது என்பதுவரை கையெழுத்தாக வாங்குகிறேன். இந்தக் கல்யாணத்துக்கு ஒரு பண்ணையின் பழைய ஆட்டுக்கம்பளிக் கொட்டகை கிடைத்தது. சரளைத் தரை, இருபுறமும் பெரிய கதவு. கதவைத் திறந்தால் ஏரி.

பிறகு மாலை. "கோயம்பேட்டிலிருந்து ஐஸ்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துடறேன்" என்றார் பெண்ணின் அத்தை. வேண்டவே வேண்டாம் என்றேன். பூ, மாவிலை, வெற்றிலை எதையும் அப்படிக் கொண்டுவர முடியாது. அறிவிக்காமல் கொண்டுவந்து பிடிபட்டால் 400 டாலர் அபராதம். இது கெடுபிடிக்காகப் போட்ட விதி என்று நான் நினைக்கவில்லை. கடல் சூழ்ந்து தனித்து வளர்ந்த காடு இது. ஓர் இலையில் ஒட்டிவரும் பூச்சி போதும் அதை அழிக்க.

டேலியா, ரோஜா, சாமந்தி உள்ளூர்த் தோட்டங்களில் இருந்தன. கட்ட நார் இல்லை. நூலில் கட்டினால் கனத்த டேலியாவின் காம்பு அறுபடுகிறது. பக்கத்து வீட்டு மாவோரி அம்மா கூடை முடைகிறவர். என் கையிலிருந்த நூலைப் பார்த்துவிட்டு என்னைத் தன் கொல்லைக்கு அழைத்துப் போனார். அங்கே ஆளுயரத்தில் வாள்போல இலை நீட்டி நிற்கும் ஹரக்கெக்கே. வெட்டுமுன் கண்மூடி ஒரு வேண்டுதல் சொன்னார். நடுக்குருத்தைத் தொட்டு, "இது குழந்தை" என்றார். இருபுறமும் அணைத்து நிற்கும் இலைகள் தாய் தந்தை. அவற்றை வெட்டக் கூடாது. வெளியே இருப்பவை பாட்டன் பாட்டிமார், அறுக்கலாம். மழையில் அறுக்கக் கூடாது. அடியில் சாய்வாக ஒரு வெட்டு. கட்டைவிரல் நகத்தால் இலையை நீளவாக்கில் கிழித்து, சிப்பியோட்டால் சுரண்டினார். பச்சை உரிந்து, பட்டுப்போல வெள்ளை நார் வந்தது. வாழைநாரைவிட உறுதி. ஈரத்துணியில் சுற்றிவைத்து மறுநாள் விடிய மூன்று பேர் கட்டினோம். தொடுக்கும்போது ஒரு காம்புகூட அறுபடவில்லை.

மாங்கல்யதாரணம் 9.20க்கு நடந்தது. அம்மி மிதித்து முடிந்ததும் ஐயர் வழக்கம்போல வானத்தைக் காட்டினார். மாப்பிள்ளையும் பெண்ணும் அண்ணாந்து பார்த்தார்கள்.

சாப்பாடு, பாட்டு எல்லாம் ஓய்ந்து, இரவு ஒன்பதரை இருக்கும். பெண்ணின் பாட்டி சால்வையைப் போர்த்திக்கொண்டு புல்வெளிக்கு வந்தார். "ஏம்மா, பகல்ல காட்டினா என்ன தெரியும்? இப்போ நிஜமாவே அருந்ததியைக் காட்டேன்."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. சமாதானமாக ஏதாவதொரு நட்சத்திரத்தைக் காட்டியிருக்கலாம். மனசு வரவில்லை.

"பாட்டி, இந்த ஊர்ல அருந்ததி உதிக்கவே மாட்டா. அவ வடக்கே ரொம்பத் தள்ளி இருக்கா. சப்தரிஷி மண்டலத்துல வசிஷ்டர், அருந்ததி இரண்டு பேருமே இங்கே அடிவானத்துக்குக் கீழேதான்."

பாட்டி பேசவில்லை. நான் தொடர்ந்தேன். "ஆனா தலைக்கு மேலே பாருங்க. அந்தப் பெரிய வெள்ளை நட்சத்திரம். அதுதான் அகத்தியர். நம்ம ஊர்ல தெற்கே தாழ வந்து மறைஞ்சுடுவார். இங்கே அவர் அஸ்தமிக்கறதே கிடையாது."

பாட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சிவபெருமான் கல்யாணத்துக்கு எல்லாரும் கைலாசம் போயிட்டாங்கன்னு, பூமி சாயாம இருக்க இவரைத்தானே தெற்கே அனுப்பினாங்க" என்றார். "பாவம், அந்தக் கல்யாணத்தைக் கூட இருந்து பார்க்க முடியலை. இந்தக் கல்யாணத்துக்கு வந்துட்டார்."

உள்ளே போய் மணமக்களைக் கையோடு அழைத்து வந்தார்.