வன்மையும் மென்மையும்

தமிழாசிரியனாக யான் பணியாற்றிய ஆண்டுகள் முப்பத்தைந்து. அவ்வாண்டுகள் முழுவதும் இல்லத்திற்கும் பள்ளிக்கும் இடையே என்னைச் சுமந்து சென்றது ஒரு மிதிவண்டி. ஓய்வு பெற்ற பின்னரும் மிதிவண்டியைப் பிரிய மனம் ஒருப்படவில்லை. நாள்தோறும் விடியற்காலையில் கோவையின் புறநகர்ச் சாலைகளில் ஒரு மணி நேரம் செல்வேன். வேகம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. “பொறுமை உடையவன் எத்தொலைவும் செல்வான்” என்று எனக்கு நானே கூறிக்கொள்வேன்.

மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்லுதல் உலகில் பலர் விரும்பும் பொழுதுபோக்காகும். பிரான்சு நாட்டில் பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகர் வரை சென்று மீளும் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர்ப் பயணம் 1891ஆம் ஆண்டில் பந்தயமாகத் தொடங்கிற்று. இக்காலத்தில் அது பந்தயம் அன்று; 90 மணி நேரத்திற்குள் முடித்தல் ஒன்றே குறிக்கோள். அம்மரபைப் பின்பற்றிய ‘பிரெவே’ என்னும் பயணங்கள் நம் நாட்டிலும் நடைபெறுகின்றன. அவற்றுள் சிறியது 200 கிலோமீட்டர். அதற்குரிய காலம் பதின்மூன்றரை மணி. முந்தியவர், பிந்தியவர் என்னும் வேறுபாடு அங்கு இல்லை. வழியில் உள்ள நிலையங்களில் அட்டையில் முத்திரை பெற்று, உரிய நேரத்தில் மீண்டவர் அனைவரும் வென்றவரே.

அறுபத்து மூன்றாம் வயதில் யானும் அதில் கலந்துகொண்டேன். அது ஆடித் திங்கள். காலை ஆறு மணிக்குக் கோவையினின்றும் புறப்பட்டோம். பொள்ளாச்சி, உடுமலை வழியே பழனிக்குச் சற்று முன்னர் வரை சென்று மீள வேண்டும். போகும்பொழுது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முதுகில் நின்று தள்ளிற்று. காற்றின் வலிமையை என் வலிமை என்று மயங்கினேன். களிப்பு மிக்கு விரைந்து மிதித்தேன்.

திரும்பும்பொழுது அம்மயக்கம் தீர்ந்தது. முதுகைத் தள்ளிய காற்று இப்பொழுது மார்பைத் தள்ளிற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அறுபத்து மூன்று வயதுக் கிழவன் எம்மாத்திரம்? சிறு மேட்டிற்கும் மூச்சு வாங்கிற்று. இருமுறை இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஏழரை மணிக்குள் சேர வேண்டியவன் எட்டு மணி பத்து நிமிடத்திற்குச் சேர்ந்தேன். அட்டையின் கடைசிக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. “முதுமை வந்துவிட்டது” என்று மனைவியிடம் கூறி, வண்டியைத் திண்ணை ஓரத்தில் சாத்தினேன். மூன்று வாரம் அதனைத் தொடவில்லை.

அப்பொழுது என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவர் உடற்கல்வி ஆசிரியர். நடந்ததைக் கேட்டுப் புன்னகை செய்தார்.

“ஐயா, தாங்கள் வகுப்பில் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று மூன்று கற்பித்தீர்கள். ஆனால் தாங்கள் வண்டி ஓட்டுவதோ எந்நாளும் இடையினமாகவே இருக்கிறது. கடுமையும் இல்லை, ஓய்வும் இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பழகுங்கள்” என்றார்.

“விளங்கச் சொல், தம்பி” என்றேன்.

“செக்கோஸ்லோவாக்கியா நாட்டு எமில் ஜாட்டோபெக் 400 மீட்டர் தொலைவை விரைந்து ஓடுவார், பின்னர் மெல்ல ஓடி இளைப்பாறுவார், மீண்டும் விரைவார். இவ்வாறு பன்முறை பழகியவர் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000 மீட்டர், 10000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் பொற்பதக்கம் பெற்றார். கடுமையாக உழைக்கும்பொழுது இதயம் தன் எல்லையருகே செல்லும். அங்கே தொடர்ந்து நிற்றல் இயலாது. இடையிடையே இளைப்பாறினால் அவ்வெல்லையருகே மொத்தத்தில் நெடுநேரம் உழைக்கலாம். வாரங்கள் செல்லச் செல்ல, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த குருதியைச் செலுத்தும். தசைகள் உயிர்வளியைச் செவ்வனே பயன்படுத்தும். முன்னர்க் கடினமாக இருந்த வேகம் பின்னர் எளிதாகும்” என்று விளக்கினார்.

முதற்கண் மருத்துவரிடம் சென்று இதயத்தை ஆராயச் செய்தார். அவர் இசைவு தந்த பின்னரே பயிற்சி தொடங்கிற்று. பத்து நிமிடம் மெல்ல ஓட்டல். பின்னர் நான்கு நிமிடம் கடுமை, நான்கு நிமிடம் மென்மை. இவ்வாறு நான்கு முறை. முடிவில் பத்து நிமிடம் மெல்ல ஓட்டல். இது வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே. ஞாயிறுதோறும் நெடுந்தொலைவு நிதானமாகச் செல்லுதல். கடுமையின் அளவை அறிய எளிய வழி ஒன்றும் கூறினார். ஒரு குறளின் ஏழு சீரையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் முயற்சி போதாது. ஒரு சீரும் வாராதெனில் முயற்சி மிகை. இரண்டு மூன்று சீர் சொல்லி மூச்சு வாங்கினால் அதுவே அளவு!

இரண்டாம் திங்களில் எனக்குப் பேராசை பிறந்தது. இரண்டு நாள் நல்லதெனின் ஐந்து நாள் மிக நல்லதன்றோ என்று கருதினேன். ஒரே வாரத்தில் முழங்கால் நொந்தது, உறக்கம் கெட்டது. மாணவர் என்னைப் பணிவோடு கடிந்துகொண்டார். “ஐயா, உழைப்பு உடலைக் களைப்பிக்கிறது, ஓய்வில்தான் அது வலுப்பெறுகிறது. ஓய்வும் பயிற்சியின் பகுதியே” என்றார். ஆசிரியனாக இருந்தவன் மாணவனாகித் தலை கவிழ்ந்து கேட்டேன்.

மறு ஆண்டு ஆடியில் மீண்டும் புறப்பட்டேன். அதே சாலை, அதே காற்று. போகும்பொழுது காற்றை நம்பி விரையவில்லை. திரும்பும்பொழுது உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் முன்போலவே சுழன்றன. மேடுகளில் மூச்சு வாங்கிற்று. ஆயினும் மேட்டைக் கடந்தவுடன் மீண்டது. ஓரிடத்தும் இறங்கவில்லை. மாலை ஏழு மணி ஐந்து நிமிடத்திற்கு என் அட்டையின் கடைசிக் கட்டத்தில் முத்திரை விழுந்தது. அதனை இன்றும் என் நூற்பேழையில் வைத்திருக்கிறேன்.

மாணவர்களே! நூலை விரித்து வைத்துக்கொண்டு நாள் முழுதும் அரைமனத்தோடு அமர்ந்திருத்தல் படிப்பாகாது. சிறிது நேரம் முழுமனத்தோடு கற்க, பின்னர் நூலை மூடி நன்கு இளைப்பாறுக, மீண்டும் கற்க. தோற்றபொழுது வயதின்மீதும் விதியின்மீதும் பழி போடாதீர்கள். பழகிய முறையை ஆராயுங்கள். அறிந்தவர் இளையவராயினும் அவர்பால் கேட்டுக் கற்க நாணாதீர்கள்.