கொண்டாப்பூர் மாடியில் ஒரு கோட்டை

ஐதராபாத்தின் கொண்டாப்பூரில், பழைய வீடொன்றை மாற்றிக் கட்டிய காபிக் கடை. மாடிச் சுவர் நெடுக விளையாட்டுப் பெட்டிகள். எதை எடுத்தாலும் மணிக்கணக்கில் வாடகை. கேரம் போர்டு மட்டும் இலவசம் என்பதாலோ என்னவோ, அது தூசி படிந்து கிடக்கிறது. சனிக்கிழமை மாலை. ஜன்னலோர நீள மேசையில் ஐந்து பேர். அடுத்த மேசையில் லேப்டாப்பும் ஆறிப்போன டீயுமாக நான்.

மேசையின் தலைப்பக்கத்தில் அட்டைத் தடுப்பு ஒன்றை நிறுத்தி, அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான் கதைசொல்லி. டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக 'டி.எம்.' முப்பது வயது இருக்கும். விடுமுறை நாளிலும் ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறது. குரலே எழுப்பாத ஆள். மற்ற நால்வருக்கும் ஆளுக்கொரு வேடம்: ஒருவர் கோடரி வீரன், ஒருவர் திருடன், ஒருவர் பாதிரியார், ஒருத்தி மந்திரக்காரி.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து கொண்டுவந்த ஆட்டம். பலகைகூட வேண்டாம். "ஒரு கதவு இருக்கு. என்ன செய்யப் போற?" என்று டி.எம். கேட்பார். செய்ய நினைத்தது நடக்குமா, கெடுமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். தெலுங்கு வீடுகளில் நாலு சோழியைக் குலுக்கிப் போட்டு அஷ்டா சம்மா ஆடுவார்கள். நாலும் மல்லாந்தால் நாலு, நாலும் கவிழ்ந்தால் எட்டு. அங்கே சோழி உருளும்போது வீடே மூச்சைப் பிடித்துக்கொள்வதுபோலத்தான் இங்கேயும் பிடித்துக்கொள்கிறார்கள்.

மந்திரக்காரியின் பகடை மயில்நீல நிறம், உள்ளே பொன்தூள். மேசையை விட்டு ஓடிவிடாமலிருக்க டீ சாஸரில் உருட்டுகிறாள். ணங்கென்று சத்தம். கடைப் பையன் வந்து, "அக்கா, சாஸர்..." என்று இழுக்க, டிஷ்யூவை நாலாக மடித்து அடியில் போட்டுக்கொள்கிறாள். அதற்கப்புறம் விழும் எண்களெல்லாம் மட்டமாக இருக்கின்றன. பழி டிஷ்யூமேல். இரண்டே உருட்டலில் அதை எடுத்துவிட்டாள்.

ஆட்டம் என்றேனே தவிர, முக்கால்வாசி அரட்டைதான். ஒரு மணி நேரத்தில் ஒரு கோட்டை வாசல்வரைதான் வந்திருக்கிறார்கள். தெலுங்கு, தக்கனி இந்தி, ஆங்கிலம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் புரள்கின்றன.

கோடரி வீரன் கறுப்பு டி-ஷர்ட், நல்ல தொண்டை. அவருக்கு சினிமாதான் பேச்சு. ஆர்.டி.சி. கிராஸ் ரோட்ஸில் சந்தியா தியேட்டரோ சுதர்சனோ, அங்கே காகிதம் பறக்கப் பார்ப்பதுதான் படம், மற்றதெல்லாம் ஏ.சி.யில் தூங்குவது என்பது அவர் கட்சி. திருடன் வேடக்காரர் ஐமேக்ஸ் கட்சி. நெக்லஸ் ரோடு பிரசாத்ஸ் தியேட்டரில் இப்போது ஐமேக்ஸ் பலகையே இல்லை. ஆனாலும் 2003-ல் வந்த பெயரை இந்த ஊர் விடுவதாக இல்லை.

"இப்ப எந்தப் படம்டா முடியுது?" என்று டி-ஷர்ட் விரல் மடக்குகிறார். புஷ்பா, சலார், கல்கி, தேவரா. "எல்லாம் பாதியில நிறுத்தி, மிச்சத்துக்கு அடுத்த வருஷம் வாங்கறான். டிக்கெட்ல பாதிய திருப்பித் தருவானா?"

"பாகுபலிக்கு ரெண்டு வருஷம் காத்திருந்தியே?"

"அது ஜக்கன்னா. அவருக்குக் காத்திருக்கலாம்."

ஜக்கன்னா என்றால் இயக்குநர் ராஜமௌலி. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் மேசை வேறு பக்கம் சாய்கிறது. 'ஆர்.ஆர்.ஆர்.' வெளியீட்டுக்காக 2022 அக்டோபரில் ஜப்பான் போனவர், வீடியோ கேம் செய்யும் ஹிதேயோ கோஜிமாவின் ஸ்டூடியோவையும் பார்த்துவிட்டு வந்தார். 2025 ஜூனில் கோஜிமாவின் 'டெத் ஸ்டிராண்டிங் 2' வந்தது, அதில் ராஜமௌலியும் மகன் கார்த்திகேயாவும் அப்பா-மகனாகவே நிற்கிறார்கள். டி-ஷர்ட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. பாதிரியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொல்கிறார்: "கேம் பூரா முதுகுல பார்சல் கட்டிக்கிட்டு மலையேறணும் மாமா. ஸ்விக்கி பையனுக்கு அதுக்குக் காசு தர்றாங்க. நான் காசு குடுத்து எதுக்கு ஏறணும்?" இந்த ஒரு வரிக்கு மேல் அந்த விளையாட்டுக்கு விமர்சனம் தேவையா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவரே எழுபது மணி நேரம் ஏறியிருக்கிறாராம்.

திருடன்தான் கூட்டத்தில் இளையவர். அவருக்குப் போனில் ஆடும் பி.ஜி.எம்.ஐ. போதும். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்களே, அந்த செமஸ்டரில்தான் பேக்லாக் அத்தனையும் எழுதித் தீர்த்தாராம். பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் அது திரும்பி வந்து, 2022 ஜூலையில் மறுபடி நீக்கப்பட்டு, 2023-ல் மறுபடி வந்தது. "அதுக்குள்ள வேலை கிடைச்சிடுச்சு, லைட் தீஸ்கோ."

மந்திரக்காரி தமிழ்ப் பெண். நடுவில் போன் வந்தபோது, "ம்ம், சாப்ட்டேன்மா" என்றதில் தெரிந்துவிட்டது. நான் காட்டிக்கொள்ளவில்லை, காட்டிக்கொண்டால் அங்கே பேச்சு நின்றுவிடும். அவள் சொன்னது 'வெண்பா' பற்றி. டொராண்டோவில் செய்து 2023-ல் வந்த விளையாட்டு. கனடாவுக்குக் குடியேறிய தமிழம்மா ஒருத்தி, கிழிந்தும் அழிந்தும்போன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சமைக்க வேண்டும். முதல் சமையலே இட்லி.

"இட்லியா? நான் வீட்லயே செஞ்சதில்லை" என்கிறார் டி-ஷர்ட்.

"நானும்தான். அதுல தட்டை எப்படி அடுக்கறதுன்னு தெரியாம ஆவி மேல போகவே இல்ல. எங்கம்மாவ ஒரு நாளாவது கவனிச்சிருக்கணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஆனா சின்ன கேம். உக்காந்து எந்திரிக்கறதுக்குள்ள முடிஞ்சிடுது."

இத்தனை பேச்சிலும் டி.எம். வாயே திறக்கவில்லை. தடுப்புக்குப் பின்னால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமி, "வாசல்ல நிக்கறீங்க. யாரோ கை தட்டிட்டீங்க. மேல காவல்காரன் காதுல விழுந்துடுச்சு" என்றார். கோல்கொண்டா கோட்டையின் ஃபத்தே தர்வாஜா வாசலில் கை தட்டினால் உச்சியில் பாலா ஹிஸாரில் கேட்கும் அதே தட்டல். ஊர்க்காரர்கள் மூவரும் ஒரே குரலில் முனகினார்கள்.

கதவுக்குப் பூட்டு இல்லை. சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டக் கல்தட்டுகள், ஒவ்வொன்றிலும் துளைகள், அடியிலிருந்து ஆவி. ஆவி உச்சிக்குப் போனால்தான் கதவு திறக்கும். மந்திரக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். "திருட்டுப்பய" என்றாள், தமிழிலேயே. அவள் அந்த இட்லித் தட்டைப் பற்றிப் பேசி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. பத்திரிகைகளில் நான் படித்த விமர்சனம் எதுவும் இத்தனை சூடாக யாருக்கும் பயன்பட்டதாகத் தெரியவில்லை.

தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினார்கள். பகடை ணங்கென்று விழுந்தது. பதினேழு. கதவு திறந்தது. உள்ளே படிக்கட்டு, தீப்பந்தத்தோடு காவல்காரன் இறங்கி வருகிறான். டி-ஷர்ட் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். டி.எம். குரலை இன்னும் தாழ்த்தினார்: "கிட்ட வந்து தலைக்கவசத்தைக் கழட்டறான். முகத்தைப் பார்க்கறீங்க. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச முகம்."

அட்டைத் தடுப்பை மடித்தார். "அடுத்த சனிக்கிழமை."

"பார்ட் டூவா! நுவ்வு கூடானா ரா?" கடைப் பையன் படியேறி வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தல். டி.எம். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பில்லை ஐந்தால் வகுத்துக்கொண்டிருந்தார். பாதிரியார் சமோசா சாப்பிடவில்லை என்று வாதாடினார்.

டி-ஷர்ட்தான் முதலில் பணம் அனுப்பினார். "அடுத்த வாரம் நாலு வேணாம், அஞ்சு மணிக்கு வை" என்றார். "ஒரு மணி ஷோவுக்கு டிக்கெட் போட்டுட்டேன்."